பானட்டில் வைத்த பொட்டு

என் மகன் பிறந்தபோது வந்தவர் போனவரெல்லாம் கொடுத்ததில் வெள்ளைத் துணி நெப்கின்கள் மூன்று டஜன் சேர்ந்தன. ஆறு மாதத்தில் அவை பத்தொன்பதாகக் குறைந்துவிட்டன. காயப்போடும்போது எண்ணுவேன், மடிக்கும்போது எண்ணுவேன். பக்கத்து வீட்டு நாயைச் சந்தேகப்பட்டேன். காற்றைச் சந்தேகப்பட்டேன். பிள்ளை பெற்றால் மறதி வரும் என்று யாரோ சொன்னதை வைத்து என்னையே சந்தேகப்பட்டேன். கடைசியில் ஒரு நாள் என் கணவரின் வேனில் பின்கதவைத் திறந்தபோது, காணாமல் போன பதினேழும் மெழுகு வாசத்தோடு சுருண்டு கிடந்தன.

"கொழந்தைக்கு எது மெத்துன்னு இருக்கோ அதான் காருக்கும் மெத்துன்னு இருக்கும்" என்றார் அவர், திருட்டு பிடிபட்ட முகமே இல்லாமல்.

"அப்ப காருக்கே கட்டி விட்டுடுங்க. உங்க மகன் சும்மா இருக்கட்டும்."

நாங்கள் அப்போது கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் வாடகை வீட்டில் இருந்தோம். நாங்கள் இருவரும், குழந்தையும், என் கணவரின் அம்மாவும். தொண்ணூறுகளின் தொடக்கம். அவர் ஒரு கார் பெயின்ட் பட்டறையில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அதை விட்டு, வீடு வீடாகப் போய்க் கார் கழுவி, பாலிஷ் போட்டு, மெழுகு பூசிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கியிருந்தார். இப்போது அதற்கு நல்ல பெயரெல்லாம் வந்துவிட்டது. அன்று "கார் கழுவுறவர்" என்பதுதான் பெயர்.

காருக்கு மெழுகு போடச் சொல்லித்தரும் வீடியோ எடுக்கும் யோசனை கிள்ளானில் கார் சாமான் கடை வைத்திருந்தவருடையது. அவர் கடையில் மெழுகு டின் வாங்குகிறவர்கள், உச்சி வெயிலில் கொதிக்கிற காரில் அதை அப்பி, அது சிமெண்டு மாதிரி இறுகியதும், டின்னைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வருவார்களாம். "நீ ஒரு வீடியோ எடுத்துக் குடு லா. கடை டிவியில நாள் பூரா ஓட்டுறேன். புதுசா கார் வாங்குனவனுக்கும் புரியிற மாதிரி எடு. உனக்கும் நாலு பேரு தெரியும்" என்று சொல்லியிருந்தார்.

நான் இரண்டு வருடம் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள். அதனால் வசனம் எழுதும் பொறுப்பு என்னுடையதாயிற்று. மூன்று பக்கம் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "அன்பார்ந்த வாகன உரிமையாளர்களே! ஒரு வாகனத்தின் மேற்பரப்பு அதன் உரிமையாளரின் பண்பாட்டைப் பிரதிபலிக்கிறது..."

மாமியார் கீரையைக் கிள்ளியபடி கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ரேடியோவுல மரண அறிவிப்பு சொல்ற மாதிரியே இருக்கே, ஏன்?"

வசனத்தைவிடப் பெரிய சிக்கல் கார். எங்கள் வேனுக்குப் பாலிஷ் போட்டால் துருதான் பளபளக்கும். வாடிக்கையாளர் காரை நாள் முழுக்க வைத்துக்கொள்ள முடியாது. அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் இருவர் மனதிலும் ஒரே கார்தான் நின்றது. பிரிக்பீல்ட்ஸில் என் அப்பாவின் கார்.

அப்பா ரயில்வேயில் முப்பது வருடத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவர். யாழ்ப்பாணத்து ஆட்கள் பலரைப்போல அரசாங்க வேலையைத் தவிர வேறொன்றையும் வேலையென்று நம்பாதவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் வாழ்க்கையில் முதன்முதலாகப் புதுக் கார் வாங்கினார். கருநீலம். உள்ளே சீட்டில் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. உட்கார்ந்தால் சத்தம் போடும்.

பட்டறையில் இருந்தவரைக்கும் மருமகனை அப்பா "ஓட்டோமொபைல் லைன்" என்று வெளியில் சொல்லிக்கொண்டார். என் கணவர் வேலையை விட்டதும் அப்பா அதையும் நிறுத்தினார். அவரோடு நேரடியாகப் பேசுவதும் நின்றுபோயிற்று. ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். அப்பா என்னைப் பார்த்து, "பிள்ளை, அவருக்குக் கொஞ்சம் சொதி விடு" என்பார். என் கணவரும் என்னைப் பார்த்து, "மாமாகிட்ட போதும்னு சொல்லு" என்பார். நான் நடுவில் கரண்டியோடு நிற்பேன்.

இந்தக் காரைக் கேட்பது சரியா, கேட்காமல் இருப்பது சரியா என்று ஒரு வாரம் யோசித்தேன். அப்பா கொடுத்து, கார் பளபளவென்று திரும்பி வந்தால், மருமகனின் கையில் என்ன இருக்கிறது என்பதை அவரே கண்ணால் பார்ப்பார். அது நடந்தால் அந்தச் சொதிக் கரண்டியை நான் கீழே வைக்கலாம். நடக்காவிட்டால், எனக்குத் தெரியும், அப்பா இன்னொரு தடவை கொடுக்க மாட்டார்.

கேட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"கார் கழுவுறதை ஆரும் வீடியோ எடுப்பினமோ?"

"படிப்பிக்கிறதுக்கு அப்பா. தெரியாத ஆக்களுக்கு."

"சனிக்கிழமை ஒரு நாள். பின்னேரம் அஞ்சு மணிக்குக் கார் இஞ்ச நிக்க வேணும். போன மாதிரியே வர வேணும். என்ர பேர், கார் நம்பர் ஒண்டும் அந்த வீடியோவில வரக்கூடாது. எங்கட ஆக்கள் ஆரும் பாத்தா எனக்கு வெக்கக்கேடு. விளங்குதோ?"

சனிக்கிழமை காலையில் சாவி வளையத்தோடு கார்த் திறப்பை என் உள்ளங்கையில் வைத்தார். பக்கத்தில் நின்ற என் கணவர் கையில் வைக்கவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது அப்பாவுக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் வீட்டு வாசலில் படம் பிடிக்க வந்தவர் என் கணவரின் நண்பர். கல்யாண வீடியோ எடுப்பவர். வேறு எதையும் எடுத்ததில்லை. அதனால் காரையும் மணப்பெண்ணாகவே நடத்தினார். டயரில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறி, கண்ணாடியில் வந்து நின்று, அங்கிருந்து என் மாமியாரின் இடுப்பில் இருந்த குழந்தைக்குப் போய்விடுவார்.

"அண்ணி, காரு கொஞ்சம் வெக்கப்பட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னா நல்லாருக்கும்."

"காரை விடுங்க, உங்க பாஸு வெக்கப்படுறத மொதல்ல நிறுத்துங்க."

உண்மைதான். என் கணவரின் கைகளுக்கு எல்லாம் தெரியும். கேமராவைப் பார்த்ததும் வாய் மட்டும் மூடிக்கொண்டது. என் வசனத்தை வாசல் கேட்டில் ஒட்டி வைத்தோம். "அன்பார்ந்த வாகன உரிமையாளர்களே" என்று தொடங்கி, தேவாரப் போட்டியில் மறந்துபோன பையனைப்போல் மேலே பார்த்தார். வசனத்தைக் கிழித்துவிட்டு அவர் பாட்டுக்குச் சொல்லச் சொன்னோம். அப்போது பட்டறையில் ஆட்களோடு பேசுவதுபோல் பேசினார். எனக்கு ஒரு வரி விளங்கவில்லை.

நண்பர்தான் வழி கண்டுபிடித்தார். "பாஸ், கேமராவ மறந்துடுங்க. செஞ்சிக்கிட்டே அண்ணிக்குச் சொல்லிக் குடுங்க. அண்ணிக்குத்தான் ஒண்ணுமே தெரியாதே."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நான்தான் அங்கே இருந்த ஒரே ஆரம்ப மாணவி. முந்தானையைச் செருகிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் போனேன்.

"ஏன் ரெண்டு வாளி?" என்று கேட்டேன்.

"ஒண்ணுல சோப்புத் தண்ணி. ஒண்ணுல வெறும் தண்ணி. கார்ல இருந்து எடுக்கிற மணலை வெறும் தண்ணியில அலசிட்டுத்தான் மறுபடி சோப்புல முக்கணும். ஒரே வாளின்னா அந்த மணலாலேயே காரைத் தேய்ப்ப."

"பாத்திரம் கழுவுற சோப்பு போடலாமா?"

"கொழம்புச் சட்டிக்குப் போடு. அது பழைய மெழுகையும் சேர்த்து எடுத்துடும்."

"மெழுகு எப்ப போடுறது?"

"முன்னாடி எஞ்சின் மூடி, பானட்ல உள்ளங்கைய வை. சுடுதா? அப்ப இல்ல. நெழல்ல நிறுத்தி, கை வெச்சா சில்லுன்னு இருக்கணும். அப்பத்தான்."

நன்றாக வந்துகொண்டிருந்தது. எனக்கே ஆச்சரியம். பயம் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டது. பிறகு பானட்டின் நடுவில் இருந்த பொட்டுக்கு வந்தோம்.

இரண்டு மாதத்துக்கு முன் கோயிலில் புதுக் காருக்குப் பூசை வைத்தபோது அம்மா இட்ட சந்தனமும் குங்குமமும். அப்பா ஞாயிறுதோறும் கழுவினாலும், அந்த இடத்தை மட்டும் தீவைப்போல விட்டுவிட்டுச் சுற்றித்தான் கழுவுவார். சாமிக்கு வைத்ததை யாரும் அழிப்பதில்லை, அது தானாகப் போக வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். பிரிக்பீல்ட்ஸில் கோயில் வாசலில் நிற்கிற பாதிக் கார்களில் அப்படி ஒரு காய்ந்த பொட்டைப் பார்க்கலாம்.

என் கணவர் குனிந்து பார்த்தார். "இதான் நம்மாளுங்க செய்யிற பெரிய தப்பு. குங்குமத்துல மஞ்சளும் சுண்ணாம்பும் இருக்கு. வெயில்ல வெந்து வெந்து பெயின்ட்டுக்குள்ள எறங்கிடும். வேற எந்த வீடியோவுலயும் இதச் சொல்ல மாட்டாங்க. நாம சொல்லணும்."

"சாமி பொட்டையா அழிக்கப் போறீங்க?" என்றார் மாமியார். "அதுவும் சம்பந்தியம்மா கையால வெச்சது."

எல்லோரும் நின்றோம். நண்பர் கேமராவை நிறுத்தாமல் ஒவ்வொருவர் முகமாக எடுத்துக்கொண்டிருந்தார். மாமியாரே கடைசியில் தீர்ப்பும் சொன்னார். "மருமகன் அழிச்சா தப்பு. மக அழிச்சா அது தாய்க்கும் மகளுக்கும் உள்ளது."

அழிக்கும் வேலை எனக்கு வந்தது. தண்ணீர் தெளித்து ஊற விட வேண்டும், தேய்க்கக்கூடாது, மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும் என்று என் கணவர் சொல்லித்தந்தார். வெளியில் இருந்த துணிகளில் மணல் பட்டிருந்ததால், உள்ளே ஓடிப்போய் அலமாரியிலிருந்து புது நெப்கின் ஒன்றை எடுத்து வந்தேன். ஒற்றினேன். சிவப்பு நிறம் துணியில் இறங்கியது. அழகாக வந்தது. அழகாக வருகிறதே என்று இன்னும் கொஞ்சம் அழுத்தி, இடமிருந்து வலமாக ஒரு இழுப்பு இழுத்தேன்.

பல்லில் மணல் கடிபட்டதுபோல் ஒரு சின்னச் சத்தம்.

என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். துணியை விரித்தார். மடிப்புக்குள் ஊக்கு. குழந்தை அழும்போது தேடக்கூடாது என்று ஒவ்வொரு நெப்கினையும் மடித்து உள்ளேயே ஊக்கைக் குத்தி வைப்பது என் பழக்கம். எல்லாவற்றுக்கும் முன்யோசனை உள்ளவள் நான்.

கருநீலத்தில், ஒரு சாண் நீளத்துக்கு, லேசாக வளைந்து, வெள்ளையாக ஒரு கீறல்.

"அண்ணி, மூஞ்சியில அந்தப் பயம் சூப்பரா வந்திருக்கு. அப்படியே நில்லுங்க" என்றார் நண்பர்.

என் கணவர் விரலால் தடவிப் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. "போக வெச்சிடலாம். ஆனா தேய்க்கிறதுக்குச் சன்னமான காம்பவுண்ட் பசை வேணும். வேன்ல இருக்கிறது முரடு, அதைப் போட்டா இன்னும் கெட்டுடும். கடையும் அரை நாள்தான், இந்நேரம் சாத்திருப்பான். அவன் வீட்டுல போய்க் கேட்டு வாங்கி, நாளைக்கே முடிச்சிடலாம்."

"அஞ்சு மணிக்குக் கார் அங்க நிக்கணுமே!"

"நிக்கட்டும். மாமாகிட்ட சொல்லிடுவோம். இப்பிடி ஆயிடுச்சு, நாளைக்குச் சரிபண்ணித் தரேன்னு நானே சொல்றேன்."

போன மாதிரியே வர வேணும் என்று அப்பா சொன்னது என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. சொன்னால் கேட்கப்போவது கீறலைப் பற்றியா? மாட்டார். "நான் அப்பவே நினைச்சனான்" என்று மட்டும் சொல்லுவார். அதை என் கணவருக்கு நேராகக்கூடச் சொல்ல மாட்டார், என்னிடம்தான் சொல்லுவார். நான் அதை எப்படி மொழிபெயர்ப்பேன்?

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. சாமி அறைக்குப் போய் சந்தனத்தைக் குழைத்தேன். குங்குமச் சிமிழை எடுத்தேன்.

"என்ன செய்யிற?" என்றார் என் கணவர்.

"முதல்ல இருந்த இடத்திலதானே வைக்கிறேன்."

"வேணாம். கேளு, வேணாம்."

வைத்தேன். அம்மா வைத்தது ஒரு காசு அகலம். கீறல் ஒரு சாண். ஆகவே பொட்டு வளர வேண்டியதாயிற்று. கீறலோடு சேர்த்து ஒரு பட்டை இழுத்தேன். ஒரு பக்கம் மட்டும் பட்டை இருந்தால் சந்தேகம் வருமே என்று மறுபக்கமும் இழுத்தேன். இரண்டு பட்டைக்கு நடுவில் சின்னப் பொட்டு எடுபடவில்லை, அதைப் பெரிதாக்கினேன். முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, கார் கும்பாபிஷேகத்துக்குப் புறப்பட்டதுபோல இருந்தது. மாமியார் குழந்தையின் கண்ணை மூடினார்.

பெடரல் நெடுஞ்சாலை நெடுக என் கணவர் பானட்டைப் பார்க்காமல் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். நண்பரின் கார் எங்களைத் திரும்ப அழைத்துப் போகப் பின்னால் வந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அப்பாவின் பிளாட் கீழே நின்றோம்.

அப்பா காரை ஒரு தடவை சுற்றி வந்தார். கதவு, கண்ணாடி, டயர். "மினுங்குது" என்றார், என்னிடம். என் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. பிறகு பானட்டுக்கு முன்னால் போய் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"இது ஆர் வைச்சது?"

"மாமி வைச்சவ" என்றேன். குழந்தை இடுப்பில் இருந்ததால் பொய் சொல்லும்போது எங்கே பார்ப்பது என்ற கவலை இல்லை. அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னேன். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன்.

அப்பா "ம்" என்றார். திறப்பை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டார்.

திரும்பி வரும் வழியில்தான் என் கணவர் வாயைத் திறந்தார். "உங்கப்பா என்னை நம்பல. சரி, காரணம் இல்லாமத்தானே நம்பாம இருந்தாரு. இப்ப நீ ஒரு காரணத்த வெச்சிட்டு வந்துட்ட. அதுக்குப் பொட்டும் வெச்சிருக்க." நண்பர் சிரிக்கப் பார்த்து, கண்ணாடியில் என் முகத்தைக் கண்டு, இருமலாக மாற்றிக்கொண்டார்.

ஞாயிறு காலை என் கணவர் காம்பவுண்ட் டின்னுக்காகக் கடைக்காரர் வீட்டுக்குப் போனதும், நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சொல்லப்போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை, நடுவழியில் மனம் மாறினால் இறங்கிக்கொள்ளலாமே என்றுதான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மனம் மாறியது. குழந்தை தூங்கிவிட்டதால் இறங்கவில்லை.

அப்பா பிளாட்டின் கீழே கார் நிறுத்துமிடத்தில் இருந்தார். மடித்துக் கட்டிய சாரமும் பனியனும். பக்கத்தில் ஒரு வாளி. பானட்டில் பொட்டும் இல்லை, பட்டையும் இல்லை. அப்பா பேப்பர் படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து அந்தக் கீறலைப் படித்துக்கொண்டிருந்தார்.

"வா பிள்ளை" என்றார் நிமிராமல். "உன்ர அம்மா பொட்டு வைக்கிறது மோதிர விரலால, ஒருக்கால். இது ரொட்டிக்கு மாஜரின் பூசின மாதிரி எல்லோ இருந்தது."

"அப்பா, நான்தான்."

"எது நீ? கீறினதோ, பூசினதோ?"

"ரெண்டும்." ஊக்கிலிருந்து சந்தனம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அழுகையும் வந்தது. குழந்தை விழித்து, அவனும் சேர்ந்துகொண்டான். அப்பா ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு அவனை வாங்கினார்.

"அவர் என்ன சொன்னவர்?"

"உங்களிட்டச் சொல்லுவம் எண்டு சொன்னவர். தானே சொல்லுறன் எண்டும் சொன்னவர். நான்தான் விடேல்ல. நேற்று இஞ்ச வைச்சும் வாயெடுத்தவர். கிள்ளிப்போட்டன்."

குழந்தை அவருடைய கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு படிப்பிச்சு, சைவசமயப் பரீட்சையெல்லாம் எழுத வைச்சு வளத்தது நான்" என்றார் அப்பா கடைசியில். "என்ர பிள்ளை சந்தனத்தால மூடுது. கார் கழுவுறவர் உண்மை சொல்ல நிக்கிறார்."

எனக்கு அது அடிபோல விழுந்தது. ஆனால், வெட்கத்தோடுதான் எழுதுகிறேன், அதற்குள்ளேயே ஒரு சந்தோஷமும் இருந்தது.

அப்பா மேலே போய்த் தொலைபேசி எடுத்தார். நான் பின்னாலேயே ஓடினேன். எங்கள் வீட்டில் மாமியார் எடுத்திருக்க வேண்டும். "தம்பி வந்திட்டாரோ? ஒருக்காக் குடுங்கோ" என்றார் அப்பா. பிறகு, "தம்பி, நான்தான். மகள் இஞ்ச நிக்கிறா. சாமான்களைக் கொண்டு வாரும்" என்றார். அவ்வளவுதான். வேலையை விட்ட பிறகு என் கணவருக்கு அப்பா நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள்.

ஒரு மணி நேரத்தில் வேன் வந்தது. என் கணவரோடு நண்பரும் இறங்கினார், தோளில் கேமரா. வீடியோ இன்னும் முடியவில்லை என்பது அவர் கவலை. வேண்டாம் என்று நான் கண்ணால் ஜாடை காட்டினேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு கேமராவை ஓடவிட்டார்.

என் கணவர் "மன்னிச்சிருங்க மாமா" என்று தொடங்கினார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது முடிஞ்சுது. இது போகுமோ போகாதோ, அதைச் சொல்லும்."

"நகத்தால மெதுவா இழுத்துப் பாருங்க மாமா. நகம் தட்டலன்னா மேலாப்புல இருக்கு, போயிரும். தட்டுச்சுன்னா ஆழம்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, நாடி பார்க்கிற வைத்தியரைப்போல் சுண்டுவிரல் நகத்தைக் கீறல்மேல் ஓட்டினார். "இஞ்ச தட்டேல்ல. இஞ்சயும் தட்டேல்ல. இந்த முனையில தட்டுது."

"அந்த முனை போவாது மாமா. ஒரு முடி அளவுக்கு நிக்கும். மத்ததெல்லாம் எடுத்துடுவேன்."

"போகாததைப் போகாது எண்டே சொல்லுறீர்."

"ஆமா மாமா."

"தொடங்கும்."

என் கணவர் ஒரு நெப்கினை எடுத்தார். நான்கு பக்கமும் விரித்து, உதறி, வெளிச்சத்தில் பிடித்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்தார். காம்பவுண்டைக் கொஞ்சமாகத் தொட்டு, கீறலின் பாதி நீளத்தில் தேய்க்கத் தொடங்கினார்.

அப்பாவால் சும்மா நிற்க முடியவில்லை. ரயில்வேயில் எந்தக் கடிதத்தையும் மூன்று கேள்வி கேட்காமல் மேலே அனுப்பாதவர். "ஏன் வட்டமாத் தேய்க்கேல்ல?" "துணியை ஏன் திருப்பித் திருப்பி மடிக்கிறீர்?" "இவ்வளவு மெல்லமாத் தேய்ச்சா எப்பிடிப் போகும்?" என் கணவர் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னார். கேமரா இருப்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நேற்று என்னிடம் சொன்னதைவிட நன்றாகச் சொன்னார். என் கேள்விகள் நான் எழுதி வைத்தவை போல இருந்தன. அப்பாவுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"கடைசியில மெழுகு எவ்வளவு போடுறது?"

"அம்பது காசு அளவுதான் மாமா. இந்தப் பானட் முழுக்க அது போதும். நெறையப் போட்டா நெறைய மினுங்கும்னு நெனைக்கிறாங்க. அது தப்பு."

"அப்ப ஒரு டின் எத்தினை நாளைக்கு வரும்?"

"ஒரு காருக்குன்னா மூணு வருஷம் வரும்."

அப்பா யோசித்தார். "மூண்டு வருசத்துக்கு ஒரு டின் எண்டு நீர் சொல்லிக் குடுத்தா, அந்தக் கடைக்காரன் ஏன் உம்மட வீடியோவைப் போடப்போறான்?"

நண்பரின் தோள் குலுங்கியது. அந்த இடத்தில் படம் இன்றும் ஆடும். என் கணவர் துணியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, அது நியாயமான கேள்வி என்பதால். ஆனால் அவர் உதட்டோரம் எனக்குத் தெரியும்.

என் கணவர் துணியை எடுத்தார். தேய்த்த பாதியில் கீறல் இல்லை. கருநீலம் மட்டும். மறுபாதியில் வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. அப்பா குனிந்து, கண்ணாடியை ஏற்றி, இறக்கி, பக்கவாட்டில் போய் வெளிச்சத்தில் பார்த்தார். நிமிர்ந்தபோதுதான் கேமராவின் சிவப்பு விளக்கைக் கண்டார்.

"இது... எடுபடுதோ?"

"ஆமாங்க அங்கிள்" என்றார் நண்பர்.

"துவக்கத்தில இருந்தோ?"

"நீங்க நகத்தால இழுத்தது, எல்லாம் வந்திருக்கு அங்கிள்."

அப்பா தன் பனியனைப் பார்த்தார். சாரத்தைப் பார்த்தார். முகம் சிவந்தது. "நிப்பாட்டும்" என்று சொல்லிவிட்டு, குழந்தையை என் கையில் கொடுத்து, விறுவிறுவென்று மாடிப்படி ஏறிவிட்டார்.

எல்லாம் கெட்டது என்று எனக்குத் தோன்றியது. பேரும் நம்பரும் வரக்கூடாது என்றவரை, ஆளோடு, அதுவும் சாரத்தோடு எடுத்துவிட்டோம். என் கணவர் துணியைப் பிசைந்துகொண்டு நின்றார். நண்பர் கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு, "பாஸ், அங்கிள் கேசட்டக் கேட்டா குடுத்துடணுமா?" என்று கிசுகிசுத்தார்.

பத்து நிமிடம். இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அவள் கோயிலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். "என்னப்பா இது, விசரே? கார் கழுவவோ கழுத்தில டை கட்டிக்கொண்டு போறியள்?"

அப்பா இறங்கி வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளை முழுக்கைச் சட்டை. ஓய்வு பெற்ற நாளில் கட்டிய டை. தலை படிய வாரி, முகத்துக்குப் பவுடரும் போட்டிருந்தார். நேராகப் போய் என் கணவருக்குப் பக்கத்தில், கீறலின் மிச்சப் பாதிக்கு முன்னால் நின்றார். என்னைப் பார்க்கவேயில்லை.

"தம்பி, திரும்ப முதல்ல இருந்து தொடங்குவம். நான் கேக்கிறன், நீர் சொல்லும்" என்றார். பிறகு டையைச் சரிசெய்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் கடையில டிவி பெரிசோ?"